பதினான்காம் எண் வீடு பூட்டியிருந்தது

எங்கள் நடைக் குழுவில் அரசியல் பேசக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான். பேர் வேணுகோபால். முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டர். ஓய்வு பெற்ற அன்று டிக்கெட் மிஷினையும் பையையும் டிப்போவில் ஒப்படைத்தேன், விசிலை மட்டும் ஒப்படைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் தினமும் காலை ஐந்தரைக்குச் செவிலிமேடு டீக்கடை முனைக்கு வருவேன். நடக்கும்போது யாராவது கட்சி, தலைவர், ஓட்டு என்று வாயைத் திறந்தால் ஊதிவிடுவேன். ஊதினால், பேசியவர் பாலாற்றுப் பாலம் வரை இன்னொரு நடை தனியாகப் போய்விட்டு வர வேண்டும். வெளியூர்ப் பயணம் என்றால் தண்டனை வேறு. அடுத்த ஆள் வாயைக் கொடுத்து மாட்டும்வரை குழுவின் தண்ணீர் கேனைத் தூக்க வேண்டும்.

சும்மா போட்ட சட்டம் இல்லை. போன நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற பரமசிவமும் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் முத்துக்குமாரும் டீக்கடையிலேயே கட்டிப் புரளாத குறை. ஒரு டீ கிளாஸ் உடைந்தது. அதற்கப்புறம் மூன்று மாதம் இரண்டு பேரும் சாலையின் ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள். நடுவில் நாங்கள் என்ன செய்வது? பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கேட்ட அரசியல் எனக்குப் போதும் என்று இருந்தது. விசிலை எடுத்தேன், எல்லாரும் சிரித்தார்கள், சட்டம் நிலைத்துவிட்டது. எனக்கு அதில் பெருமையும் உண்டு.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. கலையரசியைப் பற்றி.

குழுவில் எல்லாருக்கும் அவர் டீச்சர். ஐயம்பேட்டை அங்கன்வாடியில் இருபத்தாறு வருடமாக வேலை. பிறந்தது கூரத்தில், விவசாயக் குடும்பம். கல்யாணமாகி வந்த பிறகு செவிலிமேட்டில் வீடு. கணவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காவலாளி. அவர் ஷிப்டு முடிந்து வரும்போது டீச்சர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். டீச்சர் சமைத்து மூடி வைத்ததை அவர் சாப்பிட்டுப் படுப்பார். இருபது வருடமாக இப்படித்தான் குடும்பம் நடக்கிறது என்று டீச்சரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

குழந்தைகளுக்குச் சத்துமாவு, முட்டை, எடை பார்ப்பது என்று அங்கன்வாடியிலேயே வேலை தலைக்கு மேல். அதோடு விடுகிறார்களா? போலியோ சொட்டு மருந்தா, டீச்சர். எந்த வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமா, டீச்சர். எத்தனை வீட்டில் கழிப்பறை, எத்தனை பேர் கர்ப்பம், எத்தனை பேர் வெளியூரில் இருந்து வந்தவர்கள், எல்லாவற்றுக்கும் டீச்சர். இந்தப் பக்கத்தில் எதைக் கணக்கெடுக்க வேண்டும் என்றாலும் முதலில் அவர் பேர்தான் ஞாபகம் வரும் போலிருக்கிறது. ஏற்கெனவே மெலிந்த உடம்பு. பேசும்போதே வாக்கியத்தின் நடுவில் ஒரு மூச்சு வாங்குவார்.

போன நவம்பரில் வாக்காளர் பட்டியல் வேலை வந்தது. வீடு வீடாகப் போய்ப் படிவம் கொடுத்து, திரும்ப வாங்கி, செல்போனில் ஏற்ற வேண்டும். ஐயம்பேட்டையில் ஒரு பகுதி அவருக்கு. அது போதாதென்று, செவிலிமேட்டுப் புது மனைப் பகுதியைப் பார்க்க வேண்டியவர் மருத்துவ விடுப்பில் போய்விட்டார் என்று அதையும் இவர் தலையில் கட்டினார்கள். அன்றோடு டீச்சர் நடக்க வருவது நின்றது. "காலைல இந்த ஒரு மணி நேரம்தான் சார் எனக்கு இருக்குது. அதையும் லிஸ்ட்டுக்குக் குடுத்துட்டேன்," என்றார். டிசம்பர் பாதியில் திரும்பி வந்தபோது செருப்பு புதிதாக இருந்தது, ஆள் பழசாகியிருந்தார். நாங்கள் யாரும் வேலை எப்படிப் போயிற்று என்று கேட்கவில்லை. கேட்டால் விசில்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலைக்கு ஏறப் போவது என்று முடிவு. நான்தான் ஏற்பாடு. டீச்சர் முதலில் வரவில்லை என்றார். "ஒரு நாளாவது யார் வீட்டுக் கதவையும் தட்டாம இருங்கம்மா," என்றேன். அதற்குத்தான் வந்தார் என்று நினைக்கிறேன்.

வேனில் ஒன்பது பேர். நான், டீச்சர், பரமசிவம், முத்துக்குமார், டார்ச் பாய், அவர் மனைவி. மற்ற மூன்று பேர் புளிசாதத்துக்காக வந்தவர்கள், அவர்களை விட்டுவிடலாம். டார்ச் பாய் என்பது நாங்கள் வைத்த பேர். பேருந்து நிலையம் பக்கம் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். விடியற்காலையில் தெருநாய்க்குப் பயந்து முழங்கை நீளத்துக்கு ஒரு பழைய டார்ச்சோடு வருவார். நாலு வருடமாக எங்களோடு நடக்கிறார். அவர் மனைவியை ஆண்கள் பாய் வீட்டம்மா என்போம். டீச்சர் அக்கா என்று கூப்பிடுவார். அந்தம்மாவுக்கு இடது முட்டியில் வலி, இருந்தாலும் ஒரு நாள் தவற மாட்டார். நாலு வருடமும் இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவார்கள், சேர்ந்துதான் போவார்கள்.

ஆரணி தாண்டுவதற்குள் முத்துக்குமார் யாரோ ஒரு தலைவரின் மாநாட்டுக் கூட்டத்தைப் பற்றி ஆரம்பித்தார். ஊதினேன். பத்து லிட்டர் கேன் அவருக்கு.

மலையடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி. அங்கிருந்த ஊழியர் ஒரு தாளை நீட்டினார்.

"ஆதார்ல இருக்கிற மாதிரியே எல்லார் பேரும் விலாசமும் எழுதிக் குடுங்க சார்."

ஆதார் நகல்களை எல்லாரிடமும் வாங்கி டீச்சரிடம் கொடுத்தேன். எங்களில் கையெழுத்து நன்றாக இருப்பது அவருக்குத்தான். சாவடித் திண்டில் உட்கார்ந்து எழுதினார். நாலு பேர் எழுதினார், ஐந்தாவது தாளை எடுத்தார், பேனா நின்றுவிட்டது.

"கண்டக்டர் சார், சனாவுல்லான்றது யாரு?"

"யாரும்மா... நம்ம டார்ச் பாயா இருக்கும்."

"ஜுபைதா?"

"அப்ப அவங்க வீட்டம்மா."

எனக்கே அந்தப் பேர்கள் அன்றைக்குத்தான் தெரியும். டீச்சர் விலாசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எண் பதினான்கு, நான்காவது குறுக்குத் தெரு. அவ்வளவு தூரம் வேனில் குலுங்கி வந்ததில் தலை சுற்றுகிறது போல என்று நினைத்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவர் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினான்காம் எண் வீட்டுக்கு டீச்சர் படிவத்தோடு மூன்று முறை போயிருக்கிறார். மூன்று முறையும் காலை ஆறு மணி வாக்கில். அவருக்கு அந்த நேரம்தான் உண்டு. எட்டரைக்கு அங்கன்வாடி, சாயங்காலம் வாங்கி வந்த படிவங்களைச் செல்போனில் ஏற்றும் வேலை. அது சுற்றிக்கொண்டே நிற்கும், ஏறாது. மூன்று முறையும் வீடு பூட்டியிருந்தது. கேட் இடுக்கில் செருகிவிட்டு வந்த படிவம் மழையில் போயிற்று. அதில் அச்சாகியிருந்த பழைய போட்டோக்களில் முகம் கறுப்புத் திட்டாகத்தான் இருந்ததாம். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவரிடம் கேட்டால், "காலி பண்ணிட்டாங்க போல மேடம், நான் பாத்ததே இல்ல," என்றார். கடைசி நாள் மேற்பார்வையாளர் போனில் கத்திக்கொண்டிருந்தார், பாக்கி எதுவும் நிற்கக் கூடாது என்று. டீச்சர், சனாவுல்லா, ஜுபைதா என்ற இரண்டு பேருக்கு நேராகவும் நிரந்தரமாக இடம் மாறியவர் என்று போட்டு முடித்தார். வரைவுப் பட்டியலில் அந்த இரண்டு பேரும் இல்லை. மறுபடி சேர்க்க மனு கொடுக்கும் கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. மலையடிவாரத்தில் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு இத்தனையும் தெரியும். அதைச் சொல்லியாக வேண்டும் என்பதும் தெரியும்.

வழி காட்ட தில்லையம்மாள் என்று ஒரு பெண் வந்தார். அந்த மலை ஊர்க்காரர், நாற்பது வயது இருக்கும், கையில் ஒரு கொடுவாள். சாமை அறுத்த நிலங்களைத் தாண்டி, புளியமரங்களைத் தாண்டி, பாதை காட்டுக்குள் ஏறியது. குளிர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஏதோ சோர்வு. ஏற்றம், வயசு என்று காரணம் சொல்லலாம். அது இல்லை. பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. நாட்டில் நடப்பதைப் பேசக் கூடாது என்றால் சர்க்கரை அளவையும் பேரப் பிள்ளைகளின் மார்க்கையும் தவிர அறுபது வயதுக்காரர்கள் என்னத்தைப் பேசுவது?

நான் பின்னால் வந்தேன். கண்டக்டர் புத்தி, நின்ற இடமெல்லாம் தலை எண்ணுவேன். ஒரு பாறை வளைவில் டீச்சர் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஒன்னு சொல்லணும் சார். லிஸ்ட் விஷயம். நம்ம பாய் பேரு..."

நான் விசிலை வாயில் வைத்து ஊதிவிட்டேன்.

சத்தியமாக யோசிக்கவில்லை. லிஸ்ட் என்ற சொல் காதில் விழுந்தது, கை தானாகப் பைக்குப் போயிற்று. மேலே போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "டீச்சரே மாட்டிக்கினாங்களா!" என்று முத்துக்குமார் துள்ளி இறங்கி வந்து கேனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். டீச்சர் கேனை வாங்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். நான், "மேல போய் பேசிக்கலாம்மா," என்று ஆறுதல் வேறு சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பத்தடி போவார், கேனைக் கீழே வைப்பார், கை மாற்றுவார். முன்னால் போன பாய் வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு நின்றார். முட்டி வலியோடு நாலு அடி இறங்கி வந்தார்.

"குடு டீச்சர். ஒரு பக்கம் நான் புடிக்கிறேன்."

"வேணாம் அக்கா. உங்க காலுக்கு..."

"காலுக்கு என்னா, அது எப்பவும் இருக்குது. கையால தானே புடிக்கப் போறேன்."

கேனின் கைப்பிடியில் ஒரு கை இவருக்கு, ஒரு கை அவருக்கு. அந்தம்மாவின் இன்னொரு தோளில் ஒரு பழுப்பு ரெக்சின் பை. மலை ஏற வருபவர் தூக்கி வருகிற பை இல்லை அது. பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு, நடக்கும்போது இடுப்பில் இடித்தது. கொஞ்ச தூரம் போனதும் டீச்சர் கேட்டார்.

"பையையாவது எங்கிட்ட குடுங்க அக்கா. கனமா இருக்குது பாருங்க."

"கேனைக் கேளு, குடுக்கிறேன். பையை மட்டும் கேக்காதே," என்று அந்தம்மா சிரித்தார். சிரித்தாலும் பையை முன்னுக்கு இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டார். டீச்சர் அதற்கப்புறம் உச்சி வரைக்கும் தலை நிமிரவில்லை. பாதையைப் பார்த்து ஏறுகிறார் என்று நான் நினைத்தேன்.

உச்சியில் அகலமான பாறை. கீழே காடு, தூரத்தில் ஓர் ஏரி. பொட்டலங்களைப் பிரித்தோம். பாய் வீட்டில் இருந்து சுக்காவும் ரொட்டியும் வந்திருந்தது. தில்லையம்மாளுக்கும் ஒரு தட்டு போட்டோம். சாப்பிட்டுக்கொண்டே அவர் ஊர்க்கதை கேட்பது போல எங்களைக் கேட்டார்.

"உங்க ஊர்ல எல்லாம் ஓட்டு லிஸ்ட்ல பேரு வந்துடுச்சா? எங்க ஊர்ல ஒருத்தரு நடந்தே வந்து எல்லா வீட்லயும் எழுதினு போனாரு. எங்க சித்தப்பா செத்து நாலு வருசம் ஆவுது, அவரைக்கூடக் கேட்டாரு."

பரமசிவம் என்னைப் பார்த்தார். நான் விசிலை எடுத்தேன். வழி காட்ட வந்தவருக்கு நம் சட்டம் செல்லுமா என்று ஒரு நொடி தயங்கினேன். அந்த நொடியில் பாய் வீட்டம்மா கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"எங்க பேரு வரலம்மா."

டார்ச் பாய் மெதுவாக, "ஜுபைதா, விடு. இங்க எதுக்கு," என்றார்.

"எங்கதான் பேசறது? கடைல பேசாதேன்ற. வீட்ல பேசினா தூங்கணும்ன்ற. டீக்கடைல அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டேன், எல்லாருக்கும் பேரு வந்துச்சான்னு. இந்த சார் விசில் ஊதிட்டாரு."

அது உண்மை. டிசம்பர் கடைசியில் ஒரு நாள் கேட்டார். நான் ஊதினேன். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்க, அந்தம்மா முட்டி வலியோடு பாலம் வரை தனியாக நடந்துவிட்டு வந்தார். வந்ததும் எல்லாரும் கைதட்டினோம்.

"எடம் மாறிட்டோம்னு போட்டிருக்குது," என்று அவர் தில்லையம்மாளிடமே சொன்னார். எங்களை யாரையும் பார்க்கவில்லை. "எங்க மாறினோம்? எங்க மாமனாருக்கு அப்பா, அவருக்கு அப்பா, எல்லாம் காஞ்சீபுரத்து மண்ணுல கெடக்கறாங்க. நாங்க எங்க போனோம்?" பையின் ஜிப்பைத் திறந்தார். ரப்பர் பட்டை போட்ட ஒரு கோப்பு. "என் பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டு. இவரு பர்த் சர்ட்டிபிகேட்டு. மாமனார் வாங்கின வூட்டுப் பத்திரம். பழைய லிஸ்ட்டு, அதுல எங்க ரெண்டு பேர் பேரும் இருக்குது, பாரு. எல்லாம் இருக்குது. வீட்ல வெச்சிட்டு வர மனசு வரல. அதான் தூக்கினு வந்தேன்."

யாரும் சாப்பிடவில்லை. மலை ஏற வந்த பெண் வீட்டுப் பத்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார். நான் ஒவ்வொரு வளைவிலும் அவரை எண்ணியிருக்கிறேன்.

"ஒரு ஓட்டுதானே," என்றார் டார்ச் பாய். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "பூத் ஏஜெண்ட் பார்த்துக்கறேன்னான். பார்க்கல. எனக்குக் கடையை மூடிட்டு எவன் முன்னாடியும் போய் நிக்க தெம்பு இல்லப்பா."

"அப்பவே சொன்னேன், ஏழைங்க பேர்தான் முதல்ல போவும்னு," என்று பரமசிவம் ஆரம்பித்தார். "அதெல்லாம் இல்ல சார், ரெண்டு ரெண்டு ஊர்ல ஓட்டு வெச்சிருந்தவனை எடுக்க வேணாமா?" என்று முத்துக்குமார். ஒரு நிமிஷத்தில் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒன்றரை வருடமாக அடக்கி வைத்தது அத்தனையும் வந்தது.

"எம்பேரை வெச்சி நீங்க சண்டை போடாதீங்க," என்றார் அந்தம்மா.

அப்போதுதான் டீச்சர் எழுந்தார். பாறை ஓரத்தில் கேனுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவர். ரொட்டியைத் தொடவில்லை.

"நான்தான் அக்கா எடுத்தேன்."

அந்தம்மாவுக்குப் புரியவில்லை.

"உங்க தெரு எனக்குக் குடுத்திருந்தாங்க. மூணு வாட்டி வந்தேன். மூணு வாட்டியும் வூடு பூட்டியிருந்துச்சு. மாறிட்டாங்கன்னு நான்தான் போட்டேன். உங்க வூடுன்னு தெரியாது அக்கா. இன்னிக்குக் காலைல செக்போஸ்ட்ல ஆதாரைப் பாத்துதான் தெரிஞ்சிது."

ஜுபைதா டீச்சரைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை மணிக்கு வந்தே?"

"காலைல ஆறு மணி இருக்கும்."

"காலைல ஆறு மணிக்கு நாங்க எங்க இருப்போம்னு உனக்குத் தெரியாதா டீச்சர்?"

காலை ஆறு மணிக்கு அந்த இரண்டு பேரும் எங்கே இருப்பார்கள் என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் எங்கள் நடைக் குழுக்காரர்கள்தான். பாலாற்றுப் பாலத்தில், டார்ச்சை ஆட்டிக்கொண்டு, எங்களோடு. டீச்சர் நடக்க வராமல் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் டார்ச் பாய், "டீச்சர் இல்லாம போரடிக்குதுப்பா," என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தெரியும் அக்கா," என்றார் டீச்சர் கடைசியில். "உங்களைத் தெரியும். உங்க பேருதான் தெரியாது."

கேனுக்குப் பக்கத்திலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழும் தெம்புகூட அவரிடம் மிச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. நாலு வருடம் தினமும் எண்ணியிருக்கிறேன், டார்ச் பாய் ஒன்று, வீட்டம்மா ரெண்டு என்று. ஒரு நாளாவது பேர் என்ன, வீடு எங்கே என்று கேட்டேனா? அரசியல் என்றால் மேடை, கொடி, டீ கிளாஸ் உடைகிற சண்டை என்றுதான் நான் வைத்திருந்தேன். தன் பேர் எங்கே போயிற்று என்று ஒரு பெண் கேட்டதையும் அதில் சேர்த்து ஊதியிருக்கிறேன். காலையில் அந்தப் பாறை வளைவில் டீச்சரைப் பேச விட்டிருந்தால், அந்தம்மா வந்து கேனைப் பிடிக்கும் முன்பாவது அவர் சொல்லி முடித்திருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் தன் துணிப்பையில் இருந்து இரண்டு படிவங்களை எடுத்தார். பேர் சேர்க்கும் ஆறாம் எண் படிவம். லீவு நாளில் மலைக்கு வரும்போதும் அதைப் பையில் வைத்திருக்கிறார். அங்கேயே பாறையில் வைத்து எழுத ஆரம்பித்தார். ஜுபைதா கோப்பில் இருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து, கையை விட்டு விடாமல், காட்டினார். எழுதிய ஒவ்வொரு வரியையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். முன்பு போல டீச்சர் என்று கூப்பிடவில்லை. "தெரு நம்பர் பாரு," "வயசு பாரு," அவ்வளவுதான். டீச்சர் காட்டிய இடத்தில் டார்ச் பாய் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கும்போது கேன் முக்கால்வாசி காலி. டீச்சர் அதை எடுக்கப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன். அடிவாரம் வரை நானே தூக்கி வந்தேன்.

மறுநாள் காலையிலேயே டீச்சர் படிவங்களைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டார். விசாரணைக்கு ஒரு நாள் பாயையும் வீட்டம்மாவையும் கூப்பிட்டார்கள். டீச்சர் அங்கன்வாடிக்கு லீவு போட்டுக் கூடவே போனார். மேற்பார்வையாளர் முன்னால், தப்பு தன்னுடையது என்று எழுதியும் கொடுத்தார். அதற்கு அவரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, அதற்கும் ஒரு பதில் எழுதினார். கடைசிப் பட்டியல் வந்தபோது அதில் இருவரின் பேர்களும் இருந்தன. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பேர்களுக்குக் கீழே கோடு போட்டு, பதினான்காம் எண் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜுபைதா வாங்கி அதே கோப்பில் வைத்து ரப்பர் பட்டையைப் போட்டார் என்று டார்ச் பாய் சொன்னார்.

என் விசில் இப்போது வீட்டு ஆணியில் தொங்குகிறது. பரமசிவமும் முத்துக்குமாரும் தேர்தல் முடியும்வரை தினமும் சண்டை போட்டார்கள், ஆனால் சாலையின் ஒரே பக்கத்தில் நடந்தபடி.

ஜுபைதா மட்டும் அந்த மலைக்குப் பிறகு நடக்க வரவில்லை. முட்டி வலி என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு ஒரு நாள் எங்கள் வழியை மாற்றி நான்காவது குறுக்குத் தெரு வழியாகப் போனோம். ஆறு மணி இருக்கும். பதினான்காம் எண் வீட்டில் விளக்கு எரிந்தது. கேட் திறந்திருந்தது, வாசல் கதவும் விரியத் திறந்திருந்தது. கதவுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்தம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் பழுப்புப் பை.

டீச்சர் கேட் அருகில் நின்றார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் நிற்கிறார்.

"அக்கா, வாங்க. பாலம் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்."

"நீங்க போய்ட்டு வாங்க," என்றார் ஜுபைதா. கோபமாகச் சொல்லவில்லை. "யாராவது வந்து பாத்தா வீடு தொறந்திருக்கணும். எழுதிக்கோ டீச்சர், ஆறு மணி, வீடு தொறந்துதான் இருக்குது."